ரைட்டர் இரண்டு தடவை கூப்பிட்டார்

சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொண்டு மலையேறியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். முதல் நாள் பேப்பரை நாலாக மடித்து, பனியனுக்கும் சட்டைக்கும் நடுவில் நெஞ்சை மூடும்படி வைத்து, மேலே ஸ்வெட்டரைப் போட்டு, குரங்குக் குல்லாவைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியை உதைத்தால், அடிவாரம் தாண்டி நாலைந்து வளைவு வரைக்கும் குளிர் உள்ளே வராது. அதற்குப் பிறகு எதைச் செருகினாலும் வரும். கடையில் விற்கிற கையுறையைப் போட்டால் கிளட்ச் பிடி சரியாகத் தெரியாது என்று, பழைய காலுறை இரண்டில் விரல் நுழைய ஓட்டை வெட்டிக் கையில் மாட்டிக்கொள்வேன். பார்த்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களா வந்து என் கையை ஊதிச் சூடேற்றப் போகிறார்கள்?

எண்பதுகளில் நான் சேலத்தில் ஒரு பட்டறையில் மெக்கானிக். ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் காப்பிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைத் தனியே தள்ளும் மெஷின் ஒன்று இருக்கும். பல்பர் என்பார்கள். மார்கழியும் தையும் பழம் பறிக்கிற காலம். பறித்த பழத்தை உடனே உரிக்காவிட்டால் குவியல் சூடேறிப் புளித்துப்போகும், அந்த வருசத்துப் பாடு அத்தனையும் வீண். பல்பர் நின்றுவிட்டது என்று பஸ்காரரிடம் சொல்லியனுப்பினால், மறுநாள் விடியும்போதே டேங்க் மேல் ஸ்பேனர் பையைக் கட்டிக்கொண்டு நான் தனியாகக் கிளம்ப வேண்டும். ஊருக்கே பல்பர் ரிப்பேர் பார்க்கிறவனுக்குத் தன் வண்டியைப் பார்க்க நேரம் கிடையாது. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்கிற கதைதான். என் மோட்டார் சைக்கிளின் சைலன்ஸரில் ஒரு ஓட்டை விழுந்து இரண்டு வருசமாகியும் அடைக்கவில்லை. நிறுத்தி ஓடவிட்டால் லொக் லொக் என்று காசநோய்க்காரன் மாதிரி இருமும்.

அந்த இருமலை வைத்து என்னைக் கேலி செய்யாத நாளே கிடையாது, கொட்டச்சேட்டுப் பக்கத்து எஸ்டேட் ரைட்டருக்கு. எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் ஆள் கணக்கு, பழக் கணக்கு எழுதுகிறவர். மலையிலேயே பிறந்தவர், பத்தாவது வரைக்கும் படித்துவிட்டு நோட்டும் பென்சிலுமாக அந்த வேலையில் உட்கார்ந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார், ஆனாலும் ஒரு நாளும் என்னை ஒருமையில் பேசினதில்லை. "உங்க வண்டி அந்தப் பக்கத்து மேட்டுல நின்னு இருமுறப்பவே ஊட்டுல உலை வெக்கச் சொல்லிப்போடுவேனுங்க. மெஷினுக்கு மருந்து குடுக்கற ஆளு, உங்க வண்டிக்கு ஒரு கசாயம் வெச்சுக் குடுக்கப்படாதுங்களா?" என்பார். அவர் வீட்டம்மா போடுகிற சாமைச் சோற்றையும் கொள்ளு ரசத்தையும் சாப்பிட்டுவிட்டு, அந்தக் கொடும் குளிரில் ஒரு மணி நேரம் அவர் வாசலில் வெயில் காய்ந்தபடி வம்பு பேசியிருக்கிறேன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. இருந்தால் அவரைப்போல இருக்கட்டும் என்று நினைத்ததுண்டு. அந்த மனுசனுக்கு ஒரு கால் போனதற்கு நான்தான் காரணம். கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று மறைத்து வைக்க எனக்கு இஷ்டமில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போகிற வழியில் வெள்ளக்கடை என்கிற ஊரில் ஒரு டீக்கடை இருந்தது. நடத்தினது ஒரு அம்மா. ஒரு தரம் பனி இறங்கி, எதிரில் நிற்கிற ஆள் தெரியாமல், நானும் ரைட்டரும் அங்கே மாட்டிக்கொண்டோம். நான் கிளம்பப் பார்த்தபோது அந்தம்மா தடுத்தது. "பனியில தனியாப் போறீங்க சாமி, ஆராச்சும் கூப்புட்டா மூணு தடவை கூப்புடற வரைக்கும் ஏன்னு கேக்காதீங்க. மனுசன்னா மூணு தடவை கூப்புடுவான். அதுங்க ரெண்டோட நிறுத்திப்போடும். ரெண்டுக்கே ஏன்னு கேட்டுட்டா, அந்தாளு ஊடு போய்ச் சேரமாட்டான்."

அது ஏதோ அந்தம்மா மட்டும் சொல்கிற கதையல்ல என்பதைப் பிறகு கவனித்தேன். அந்த மலையில் யாரை யார் கூப்பிட்டாலும் மூன்று தடவைதான். பழம் பறிக்கிற பெண்கள் சரிவிலிருந்து கூப்பிடுவதும் அப்படித்தான், களத்து மேட்டிலிருந்து ரைட்டர் என்னைச் சோற்றுக்குக் கூப்பிடுவதும் அப்படித்தான். முதல் கூப்பாட்டுக்கே நான் திரும்பிப் பார்த்திருந்தாலும் மிச்சம் இரண்டையும் கூப்பிட்டு முடிப்பார். நானோ அந்த வயதில் சாமியாவது பூதமாவது என்று டீக்கடைக்கு டீக்கடை முழங்குகிறவன். "பேய்க்கு ரெண்டுக்கு மேல எண்ணத் தெரியாதாக்கும்" என்று அந்தம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். ரைட்டர் சிரிக்கவுமில்லை, என்னை மறுத்துப் பேசவுமில்லை. "இருந்துட்டுப் போவுதுங்க, மூணு தடவை கூப்புடறதுல நமக்கென்னங்க நட்டம்?" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

அந்த வருசம் மார்கழி பாதியில் அவர் எஸ்டேட் பல்பர் நின்றுவிட்டது. விடியற்காலையில் கிளம்பினேன். ஏற்காடு ஏறி முடிக்கும்போதே காது மரத்துவிட்டது. பஸ் போகிற ரோட்டை விட்டுவிட்டு, எஸ்டேட்டுகளுக்கு நடுவே போகிற குறுக்குப் பாதையைப் பிடித்தேன். நல்ல நாளில் அதைப்போல ஒரு வழி கிடையாது. இரண்டு பக்கமும் சவுக்கு உயரத்துக்குச் சில்வர் ஓக், ஒவ்வொரு மரத்திலும் மிளகுக்கொடி, கீழே பழுத்துச் சிவந்த காப்பிச் செடி, ஒரு வளைவு விட்டு ஒரு வளைவு பள்ளத்தில் ஓடை. அன்றைக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் வந்துவிட்டது, ஆனால் முன் சக்கரத்துக்கு அப்பால் வெறும் வெள்ளை. இலையிலிருந்து சொட்டுகிற நீர் குல்லாவில் விழுந்து முதுகில் இறங்கியது. முதல் கியரில் உருட்டிக்கொண்டே போனேன்.

எஸ்டேட்டுக்கு இன்னும் இரண்டு மைல் இருக்கும். ஒரு வளைவில் திரும்பும்போது இடது பக்கம், கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "ஏனுங்கோ..." என்று இழுத்தது. ஆணா பெண்ணா தெரியவில்லை. பிரேக் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "ஏனுங்கோ..." என்றது, முன்னைவிட மெலிசாக. காலைத் தரையில் ஊன்றி, வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டபடி நின்றேன். கீழே பள்ளம். ஆள் நடமாட்டம் இருக்க அங்கே வீடும் கிடையாது, வழியும் கிடையாது. மூன்றாவது கூப்பாட்டுக்காகக் காத்திருந்தேன். உள்ளதைச் சொன்னால், மனதுக்குள் எண்ணினேன். டீக்கடையில் முழங்கின நான், வேறு யாருமல்ல. "யாரங்கே" என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, நாக்கு எழவில்லை. மூன்றாவது வரவேயில்லை. என் வண்டி இருமுகிற சத்தம் மட்டும். கியரைப் போட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன் பாருங்கள், அந்தப் பனியில் எப்படிப் பள்ளத்தில் பாயாமல் போய்ச் சேர்ந்தேன் என்பது எனக்கே தெரியாது.

எஸ்டேட் களத்தில் மேஸ்திரி நின்றிருந்தார். என் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, ரைட்டர் எங்கீங்க? நீங்க வருவீங்கன்னு வளைவுக்குக் குறுக்கால எறங்கிப் போனாருங்களே. உங்க வண்டியிலயே வந்தர்றேன்னாரு" என்றார்.

அந்த நிமிசமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "பாக்கலீங்களே" என்றது. கூப்பிட்ட குரலுக்குப் பயந்து ஓடிவந்தேன் என்று அத்தனை ஆட்கள் முன்னால் சொல்ல வெட்கம். வேறு வழியாகத் திரும்பியிருப்பார், இதோ வந்துவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பல்பரைப் பிரித்தேன். கழற்றின போல்ட்டை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் தேடினேன். பின்னால் நடை சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். பத்து மணி வாக்கில் பனி விலகத் தொடங்கியது. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மேஸ்திரியையும் இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு, "எதுக்கும் அந்த வளைவுல ஒரு எட்டு பாத்தரலாம்" என்று, ஏதோ எனக்கு அப்போதுதான் தோன்றினது போலச் சொன்னேன். மனுசன் எவ்வளவு கேவலமானவன் பாருங்கள்.

ரோட்டிலிருந்து இருபதடி கீழே கிடந்தார். பாசி பிடித்த பாறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, கால் இரண்டு பாறைகளுக்கு நடுவில் சிக்கியிருந்தது. உதடு நீலம் பாரித்து, பேச்சில்லை, மூச்சு மட்டும் இருந்தது. கம்பளியில் தூளி கட்டித் தூக்கி, எஸ்டேட் ஜீப்பில் போட்டுச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மலையிறங்கும் வழி முழுக்க அவர் தலை என் மடியில் இருந்தது. கால் அத்தனை நேரம் ரத்தம் ஓடாமல் நசுங்கிக் கிடந்ததால், எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று சொல்லி முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். காலையிலேயே தூக்கி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று டாக்டரிடம் நானே போய்க் கேட்டேன். இருக்கலாம் என்றார்.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் அந்த வழியாகத்தான் வந்தேன் என்பது எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரி ஆஸ்பத்திரியில் வைத்தே ரைட்டரிடம் கேட்டார், மெக்கானிக் வண்டி போனபோது கூப்பிடவில்லையா என்று. ரைட்டர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "நெனவில்லீங்க, வண்டிச் சத்தமே கேக்கல" என்றார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் பார்க்கவேயில்லை.

சரிவில் ஏறி இறங்கி ஆள் கணக்கு எடுக்கிற வேலையை ஒற்றைக் காலோடு பார்க்க முடியுமா? இரண்டே மாதத்தில் மலையை விட்டு இறங்கி, கீழ்நாட்டில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். பிறகு அவரை நான் பார்க்கவில்லை. போய்ப் பார்க்க ஒரு நாள் எடுத்தால் போதும். எடுக்கவில்லை. அந்த வண்டியை யாருக்கோ தள்ளிவிட்டு, மலை வேலை வேண்டாம் என்று பட்டறைக்குள்ளேயே இருந்துகொண்டேன். இப்போது அந்தக் குறுக்குப் பாதை அகலமாகி, வளைவுக்கு வளைவு கம்பித் தடுப்பு போட்டிருக்கிறார்களாம். விடுமுறை நாளில் பையன்கள் பெரிய பெரிய பைக்குகளில் குளிருக்கென்றே போகிறார்கள் என்று என் மகன் சொல்கிறான். வாப்பா, காரில் ஒரு நடை போய்வரலாம் என்கிறான். எனக்கு முட்டிவலி என்று சொல்லிவைத்திருக்கிறேன். வீட்டில் என் மனைவி ஒரு தடவை கூப்பிட்டாலே, சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவேன். அக்கம்பக்கத்தில் அவள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள், பாவம். மார்கழி பிறந்தால் எனக்குத் தூக்கம் கெட்டுவிடும். அந்த ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் சொன்னதை அவளிடம்கூட நான் சொன்னதில்லை.

காலை எடுத்த ஐந்தாம் நாள் அது. அவர் வீட்டம்மா கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் கேட்டேனுங்க, இரண்டு தடவை கேட்டேன், மூணாவதுக்குத்தான் நின்னேன் என்று உடைந்து அழுதேன். என்னைத் திட்டுவார், திட்டினால் தேவலை என்று நினைத்தேன்.

"மூணாவதுக்கா நின்னீங்க?" என்று கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மொதல்ல கூப்புட்டப்ப வண்டி ஆருதுன்னு தெரியலீங்க. ரெண்டாவது கூப்புட்டேன், வண்டி நின்னு இருமுச்சு பாருங்க. அட, நம்ம மெக்கானிக்கு நின்னுட்டாரு, இனி எதுக்குக் கத்தறதுன்னு உட்டுட்டேனுங்க. நீங்க எறங்கி வாரதுக்குள்ள செருப்பு ஒண்ணக் காணமேன்னு தடவிப் பாத்துட்டுக் கெடந்தேன்."