எட்வினுக்கு இரண்டு ஊசி

எட்வினுக்கு ஊசி என்றால் உயிரே போய்விடும். தெலுங்கு பேசும் ஊரான லாலாகூடாவின் ரயில்வே காலனியில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். ஆறடி ஆள், அகன்ற தோள், சர்ச் பாடகர் குழுவில் மைக் தேவைப்படாத குரல். ஆனால் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த அன்று சுவரேறிக் குதித்து மௌலாலி வரை ஓடியவர். கொரோனா சமயத்தில் ஒருவழியாகப் போட்டுக்கொண்டு, அங்கேயே மயங்கி விழுந்தார்.

நாச்சாரத்தில் அவர் வேலை பார்த்த பம்பு கம்பெனியை மூடியபோது, அவரும் மனைவி ரோகிணியும் அதே தெருவில் பரோட்டாக் கடை போடுவதென்று முடிவெடுத்தார்கள். சர்ச் விருந்துகளில் கும்பல் கும்பலாக வந்தவர்களுக்குப் பரோட்டா வீசிப் பழகிய கை எட்வினுடையது. உணவுப் பாதுகாப்புப் பதிவு, நகராட்சி லைசென்ஸ், தண்ணீர்ப் பரிசோதனை என்று அலைந்ததெல்லாம் ரோகிணி.

கடையைப் பார்க்க அதிகாரி ஸ்ரீலேகா வந்தார். கை கழுவும் இடம், மூடி போட்ட குப்பைத் தொட்டி எல்லாம் அவருக்குத் திருப்தி. சாப்பாட்டில் கை வைக்கிறவர்கள் மட்டும் டைபாய்டு தடுப்பூசி போட்டு மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதில்லாமல் அடுப்பங்கரைக்குள் போகக்கூடாது என்று தெலுங்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"நக்கோ ரோகிணி, ஊசி மட்டும் வேண்டாம். நான் கல்லாவுல உக்காந்துக்கறேன். நீ பரோட்டா போடு" என்றார் எட்வின்.

"நான் போட்டா அது பரோட்டாவா இருக்காதுங்க."

"போடப் போட வந்துரும்."

வரவில்லை. ரோகிணி சான்றிதழ் வாங்கிவந்து கடையைத் திறந்து, மாவை அடித்தார், வீசினார், சுட்டார். பழைய கம்பெனிக் கூட்டாளி செல்லப்பா முதல் துண்டைப் பிய்க்கவே திணறினார்.

"எட்வின், இதைப் பிச்சுப் பிச்சு விரல் நோவுதுய்யா. நீ எதுக்கு அங்கே உக்காந்திருக்கே?"

எட்வின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ரோகிணி மைதா மூட்டை மேல் உட்கார்ந்து வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் சட்டென்று கையை எடுத்துவிட்டு, "டீ போடவா?" என்றார். திட்டியிருந்தால்கூட எட்வினுக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

மறுநாள் காலை, வெங்காயம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நேராக கிளினிக்குக்குப் போனார். நர்ஸ் ஷர்மிளா, திருநெல்வேலிப் பெண்.

"சிஸ்டர், நீங்க போடும்போது நான் பாடலாமா?"

"தாராளமாப் பாடுங்கண்ணே."

கண்ணை இறுக மூடிக்கொண்டு, கொளுத்தும் ஏப்ரல் மாதத்தில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்தார். வெளியே காத்திருந்தவர்களின் பேச்சு நின்றது. வீறிட்டுக்கொண்டிருந்த ஒரு குழந்தையும் வாயை மூடியது. இரண்டாம் சரணத்தில், "முடிஞ்சுட்டுண்ணே" என்று ஷர்மிளா பஞ்சை வைத்து அழுத்தினார். எட்வின் நிறுத்தவில்லை.

"அண்ணே, சான்றிதழுக்கு மத்த கையில ரத்தமும் எடுக்கணும்."

"அப்போ இன்னொரு பாட்டு" என்றார் எட்வின், கண்ணைத் திறக்காமலே.

அவர் வெளியே வந்தபோது ஒரு மாமி கைதட்டினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மயங்கி விழவில்லை என்பதே எட்வினுக்கு அப்போதுதான் உறைத்தது. கடைவரை பாடிக்கொண்டே நடந்தார்.

"வெங்காயம் எங்கே?" என்றார் ரோகிணி.

எட்வின் இரண்டு சட்டைக் கையையும் சுருட்டிக் காட்டினார். இரண்டிலும் பிளாஸ்திரி. ரோகிணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

சான்றிதழ் கைக்கு வந்த அன்றே எட்வின் உள்ளே போனார். மாவு அவர் கையில் துணிபோல் விரிந்து பறந்தது. அடுக்கடுக்காகப் பிரிந்த பரோட்டாவைச் செல்லப்பா இரண்டே விரலால் பிய்த்தார். சாப்பிடுவதிலேயே குறியாக இருந்தார். கல்லாவில் இருந்த ரோகிணியின் முன்னாலும் ஒரு தட்டு வந்தது.

"இன்னொண்ணு போடவா?" உள்ளேயிருந்து எட்வின் கேட்டார்.

வாய் நிறையப் பரோட்டாவோடு ஆமென்று தலையாட்டி, "ஹவ், போடுங்க" என்றார் ரோகிணி.