நீல வண்டியும் ஆரஞ்சு வண்டியும் வசுந்தராவும்

வளையல்களைக் கழற்றி ஸ்பானர் தொங்கும் ஆணியில் மாட்டுகிறார் வசுந்தரா. கைக்கு ஆறாக மொத்தம் பன்னிரண்டு கண்ணாடி வளையல். கழற்றி மாட்டத் தோதாக இருக்கட்டும் என்றே கொஞ்சம் தொளதொளவென்று வாங்குவார். "இது கிணுகிணுன்னு கெடந்தா எஞ்சின் பேசுறது காதுல விழாதுங்க" என்பது அவர் சொல்லும் காரணம். வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, இன்ன வண்டி இன்னாருக்கு என்று வாய்திறந்து சொன்ன பிறகுதான் வளையல்கள் மறுபடி கையேறும். அதுவரைக்கும் செல்லூர் சந்தில் நிற்கிற எல்லோருக்கும் ஒரு கண் அந்த ஆணியின் மேல்தான்.

நாற்பத்திரண்டு வயது. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடும், இவர் பட்டறையில் மோட்டார் சைக்கிள் உறுமும். இரண்டுக்கும் நடுவில் கத்திக் கத்தியே குரல் தடித்துவிட்டது. ஸ்கூட்டர், மொபெட் எல்லாம் எதிர்க்கடைக்குப் போய்விட வேண்டும். வேகத்துக்கென்றே செய்த வண்டிகளை மட்டும்தான் தொடுவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஸ்பானரையும் தொடமாட்டார். இரண்டு பழைய வண்டிகளைப் பார்த்துவிட்டு எதை வாங்குவது என்று முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்கள் அன்றைக்கு இரண்டையும் இங்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள். வசுந்தரா இரண்டையும் ஒரே வழியில் ஓட்டுவார். முதலில் செல்லூர் சந்துகளில் ஆட்டோவுக்கும் தறிக்கு நூல் பாவு கொண்டுபோகும் வண்டிக்கும் நடுவே ஊர்ந்து, பிறகு திருச்சி ரோட்டில் ஏறி மேலூர் வரை போய்த் திரும்புவார்.

ஓட்டும்போது வண்டியோடு பேசுவது அவருடைய இன்னொரு பழக்கம். அதுவும் தமிழில் அல்ல, வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில். வைவதும் அதில்தான், கொஞ்சுவதும் அதில்தான். "விக்கிறவன் பக்கத்துல நிப்பான், வாங்குறவன் பக்கத்துல நிப்பான். அவங்க காதுல விழுந்தா வெல மாறிப்போகும்ல? அதான் வண்டிக்கு வீட்டுப் பேச்சு, ஊருக்கு ஊர்ப் பேச்சு." இந்த ஏற்பாட்டில் ஓட்டை எதுவும் இருப்பதாக இத்தனை வருஷமாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவனாண்டி வந்தார். கொட்டாம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், ஐம்பத்து மூன்று வயது. கியர் வண்டி ஓட்டத் தெரிந்திருந்தும் இருபத்தைந்து வருஷமாக மொபெட்டிலேயே மதுரைக்கு வந்து போனவர். "மகனுக்காண்ணே?" என்று கேட்டார் வசுந்தரா. சிவனாண்டி மீசையைத் தடவிக்கொண்டே, "எனக்குத்தான் தாயி. ஏன், நான் ஓட்டுனா ஓடாதா?" என்றார். வசுந்தராவுக்கு அந்தக் கணமே அவரைப் பிடித்துவிட்டது.

நீல வண்டியை ஆனையூரில் பழைய பைக் கடை வைத்திருக்கும் விஜய்ஆனந்த் கொண்டுவந்திருந்தார். ஆரஞ்சு வண்டி அடுத்த தெரு முகமது ஆசிப்புடையது. வெளிநாட்டில் வேலை கிடைத்ததால் விற்கிறார்.

நீலம் இருக்கிறதே, அதை நிறுத்திவைத்தாலே ஓடுகிற மாதிரி இருக்கும். உடம்பு முழுக்க மூடிய வழவழப்பு, இரண்டு சிலிண்டர், குனிந்து பிடிக்கும்படி தாழ்ந்த ஹேண்டில். சந்துக்குள் போனபோது முறைத்துக்கொண்டது. கிளட்ச் கனத்தது, எஞ்சின் சூடு தொடையைச் சுட்டது, ஒரு மாட்டைச் சுற்றித் திரும்ப நாலு அடி கூடுதலாகக் கேட்டது. ஒத்தக்கடை தாண்டி ரோடு விரிந்ததும் குணமே மாறியது. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஏழாயிரத்தைத் தொட்டபோது குரல் உயர்ந்து பாட ஆரம்பித்தது. நூற்றிருபதிலும் துளி அதிர்வு இல்லை. டாங்கின்மேல் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தபடி மேலூர் போய்ச் சேர்ந்தார் வசுந்தரா.

ஆரஞ்சுக்கு இந்த அழகெல்லாம் கிடையாது. எலும்பும் தோலுமாக ஒரு வண்டி, ஒற்றைச் சிலிண்டர். காற்றை மறைக்க எதுவும் இல்லாததால் அப்படியே நெஞ்சில் அறைகிறது. நூறைத் தாண்டினால் உள்ளங்கை கூசுகிறது. ஆனால் அகலமான ஹேண்டில், நிமிர்ந்த உட்காரல், லேசான உடம்பு. தொட்டால் போதும், முதல் கியரிலேயே துள்ளுகிறது. சந்தில் ஆட்டோவுக்கும் சுவருக்கும் நடுவே வழி இருக்கிறதா என்று இவர் யோசிக்கும்போதே அது போய்விட்டது. சண்டைக்கோழிக் குணம்.

திரும்பி வந்து சொன்னார்: "நீலம் ரோட்டப் பாத்துப் பொறந்தது, ஆரஞ்சு ஆளப் பாத்துப் பொறந்தது. ரெண்டும் நல்ல வண்டிதான், ஒரு கொற கெடையாது. ஆனா உங்களுக்கு ஆரஞ்சுதாண்ணே." சொல்லிவிட்டு வளையல்களை எடுத்து மாட்ட ஆரம்பித்தார்.

விஜய்ஆனந்த் சத்தமாகச் சிரித்தார். "நல்லா இருக்கேக்கா கதை! நீல வண்டிய விட்டு எறங்கினதும் டாங்கத் தடவிக்கிட்டே அதுகிட்ட என்ன சொன்னீங்க? 'எங்க வீட்டுக்கு வந்துரு கண்ணு, இந்த ஆளுகிட்ட எதுக்குக் கெடக்குற'ன்னு சொல்லல?"

வசுந்தராவின் கை நாலாவது வளையலோடு நின்றுவிட்டது. முறுக்கு மீசையும் கணீர்த் தமிழுமாக நிற்கும் இந்த ஆனையூர்க்காரரும் சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளை என்று அவருக்கு எப்படித் தெரியும்? விஜய்ஆனந்த் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இவங்களுக்கு அந்த வண்டி மேல ஆச. இவரு வேணாம்னுட்டா நாளைக்குக் கொறஞ்ச வெலைக்கு இவங்களே தூக்கிரலாம்னு பாக்குறாங்க. இதுக்குப் பேரு தீர்ப்பாக்கும்!"

சிவனாண்டி தரையைப் பார்த்தார். பதினைந்து வருஷமாக இந்தப் பட்டறைக்கு மூலதனமே வசுந்தராவின் சொல்தான். அதில் கறை விழுந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எவன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவான்?

"ஆமா, சொன்னேன்" என்றார். "ஆசதான். அந்த வண்டிய ஓட்டிட்டு ஆச வரலேன்னா எனக்குத்தான் ஏதோ கோளாறு. ஆனா வாங்கப்போறது நானா? சிவனாண்டி அண்ணன்ல?" மாட்டிய நாலு வளையலையும் கழற்றி மறுபடி ஆணியில் தொங்கவிட்டார். "அண்ணே, ரெண்டையும் நீங்களே மேலூர் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. வந்து நீலந்தான் வேணும்னு சொல்லிட்டீங்கன்னா இந்த ஞாயித்துக்கிழம வேலைய இன்னியோட விட்டுர்றேன்."

சிவனாண்டி முதலில் நீலத்தில் ஏறினார். ஒன்றேகால் மணி நேரம். ஆளாளுக்கு இரண்டு டீ குடித்தார்கள். வசுந்தரா குடிக்கவில்லை.

திரும்பி வந்தவரின் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. "பறக்குது தாயி, பறக்குது! மொபெட்டுல நான் போன ரோடா இது?" விஜய்ஆனந்த், "பாத்தீங்களாக்கா?" என்றார். யாரோ விசிலடித்தார்கள். வசுந்தரா நிதானமாக, "எறங்குங்கண்ணே" என்றார்.

சிவனாண்டி இறங்கினார். இறங்கினார் என்றால், ஒரு காலைத் தூக்கி இந்தப் பக்கம் போடவே பெரும்பாடு பட்டார். இறங்கியும் நிமிர முடியவில்லை. வண்டியில் எப்படிக் குனிந்திருந்தாரோ அப்படியே தரையிலும் நின்றார். மணிக்கட்டை உதறிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "மேலூர்லயே எறங்கலாம்னு பாத்தேன் தாயி. எறங்குனா மறுபடி ஏற முடியாதோன்னு அப்படியே வந்துட்டேன்."

"மேலூரு பாதி தூரந்தாண்ணே. உங்க தோப்புக்கு இன்னும் அம்புட்டுத் தூரம் இருக்கு" என்றார் வசுந்தரா. கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிவனாண்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டே தானும் சிரித்தார்.

அரை மணி ஓய்வுக்குப் பிறகு ஆரஞ்சில் கிளம்பினார். இந்த முறை எல்லோரும் தெருமுனைக்கே போய் நின்றுகொண்டார்கள். வண்டிச் சத்தம் கேட்டது. ஆரஞ்சு சந்துக்குள் நுழைந்தது, பட்டறை வாசலுக்கு வந்தது, நிற்காமல் தாண்டிப் போனது! "அண்ணே! அண்ணே!" என்று கத்தினார் ஆசிப். கடைசி வீட்டுப் பக்கம், ஆட்டோக்காரர்களே மூன்று தரம் பின்னால் எடுத்துத் திருப்புகிற இடத்தில், சிவனாண்டி ஒரே வளைவில் திரும்பினார். மறுபடியும் பட்டறையைத் தாண்டினார். வெள்ளை வேட்டியை மடித்துக்கட்டி, முதுகு நிமிர்ந்து, தேர் ஓட்டுகிற தோரணை. மூன்றாவது சுற்றில்தான் நிறுத்தினார்.

"நிப்பாட்ட மனசே வரல தாயி. நான் நெனைக்கிறதுக்கு முந்தி இது திரும்பிருது" என்றார். பொத்தென்று குதித்து இறங்கி, கல்தூண் மாதிரி நின்று, "ஆரஞ்சுதான்!" என்று சந்தே கேட்கச் சொன்னார். விசைத்தறிக்காரர் தறியை நிறுத்திவிட்டு வந்து கைதட்டினார். வசுந்தராவுக்குக் கண் கலங்கிவிட்டது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

கூட்டம் ஆரஞ்சைச் சூழ்ந்துகொண்டபோது விஜய்ஆனந்த் பக்கத்தில் வந்தார். நீல வண்டிச் சாவியை நீட்டி, குரலைத் தாழ்த்தி, சௌராஷ்டிரத்தில் சொன்னார்: தப்பாகப் பேசிவிட்டேன் அக்கா, இந்த வண்டி உங்களிடம் இருந்தால்தான் அழகு, நீங்கள் சொல்கிற விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

வசுந்தரா சாவியைப் பார்த்தார். வண்டியையும் ஒரு முறை முழுக்கப் பார்த்தார். பிறகு, நல்ல மதுரைத் தமிழில், கடைசி வீடு வரைக்கும் கேட்கும்படி பதில் சொன்னார்: "எனக்கு வேணாம் தம்பி. ஓட்டிப் பாத்துச் சொன்ன வண்டிய நான் வாங்குறதில்ல."

ஆணியிலிருந்து வளையல்களை எடுத்து, ஒன்றுவிடாமல் பன்னிரண்டையும் மாட்டிக்கொண்டார். நீல வண்டியின் அருகே போய், "நல்ல ரோடாப் பாத்துப் போ கண்ணு" என்று அதற்கும் முதல் தடவையாகத் தமிழிலேயே சொல்லி, டாங்கில் இரண்டு தட்டுத் தட்டினார். வளையல்கள் கிணுகிணுத்தன.