நவமணி கையுறையைக் கழற்றினாள்

சுவிட்சர்லாந்துப் பயணத்தில் என்னோடு ஒரே அறையில் தங்கியவள் நவமணி. பினாங்கு ஜெலுத்தோங்கில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் ஐரீன், புலாவ் தீக்குஸில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தனியாகப் பதிவு செய்த பெண்கள் நாங்கள் இருவர்தான் என்பதால் டிராவல் ஏஜென்சிக்காரர்கள் எங்களை ஜோடி சேர்த்துவிட்டார்கள்.

அது கொஞ்சம் வித்தியாசமான டூர். ஜெனீவாவில் துகள் ஆராய்ச்சிக்கூடம், யுங்ஃபிராவ் மலைமேல் ஆய்வு நிலையம், லுசேர்னில் போக்குவரத்து அருங்காட்சியகம் என்று பாதி அறிவியல், பாதி பனிமலை. விளம்பரத் தாளிலேயே ஒருவர் படம் போட்டிருந்தார்கள். பாயான் லெப்பாஸ் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் டைரக்டராக இருந்து ஓய்வு பெற்ற இன்ஜினியர் புவனேஸ்வரன். போகிற இடமெல்லாம் அவர் தமிழில் விளக்கம் சொல்வார் என்று எழுதியிருந்தது. நான் அதைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். நவமணியும் அதைப் பார்த்துத்தான் சேர்ந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பினாங்கு விமான நிலையத்தில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் தள்ளி நின்று இன்ஜினியரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெக்கையிலும் இரண்டு கையிலும் கறுப்புக் கையுறை.

“இங்கேயே குளுருதாம்மா?” என்று கேட்டேன்.

“பழகிக்கிறேன்கா,” என்றாள்.

புவனேஸ்வரனை யாருக்கும் பிடிக்காமல் போக வாய்ப்பில்லை. உயரமான மனிதர், நரைத்த மீசை, சிரித்த முகம். அவர் மனைவி சாந்தினி எல்லோருக்கும் முறுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். எங்களை அழைத்துப் போன கைடு ஷேன்கூட அவரை “சார், சார்” என்று சுற்றிச் சுற்றி வந்தான்.

ஜெனீவா ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா எங்களுக்குச் சுற்றிக் காட்டினார். பூமிக்கடியில் வளையம் போல ஒரு பெரிய சுரங்கம். அதற்குள்ளே வேலைக்கு இறங்குகிறவர்கள் ஆளுக்கொரு சாவியைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு சாவி திரும்பி வராவிட்டாலும் இயந்திரம் ஓடாது. அந்த அம்மா இதைச் சொன்னதும் புவனேஸ்வரன் தமிழில் விளக்கிவிட்டு, சொந்தச் சரக்கு ஒன்றையும் சேர்த்தார்.

“நம்ம பாயான் லெப்பாஸ் கிலாங்லயும் இதே சிஸ்டம்தான். ஆசிட் தொட்டி மூடிய திறந்தா பம்ப் தானா நின்னுரும். ஒரு பொண்ணு இருந்தா, எஸ்டேட்லருந்து வந்தவ. மூடிய அடிக்கடி திறந்து மூடச் சோம்பேறித்தனம். மூடி திறந்தாலும் பம்ப் ஓடட்டும்னு சுவிட்ச்ல டேப்ப ஒட்டிட்டா. பைப் வெடிச்சு கையெல்லாம் ஆசிட். நல்ல வேளை, நான் ஓடிப்போய்த் தூக்கினேன். இல்லன்னா ஆளே போயிருப்பா லா.”

எல்லோரும் “ஐயோ” என்றார்கள். பிறகு சிரித்தார்கள். அவர் சொன்ன விதம் அப்படி. நானும் சிரித்தேன். நவமணி சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து இடது கையுறையைக் கழற்றினாள். மோதிர விரலும் சுண்டு விரலும் ஒட்டிப்போய் ஒன்றாக இருந்தன. புறங்கை முழுக்கத் தோல் மெழுகு உருகி உறைந்த மாதிரி. வெளிச்சம் பட்டால் பளபளத்தது.

“அந்தச் சோம்பேறிப் பொண்ணு நான்தான்கா,” என்றாள்.

அவள் அப்பா அய்யாக்கண்ணு நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டியவர். பள்ளி முடித்த கையோடு நவமணி, தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கிலாங் பஸ் ஏறிப் பாயான் லெப்பாஸ் போய்விட்டாள். அந்த எஸ்டேட் லைன் வீடுகளிலேயே மாதச் சம்பளக்காரி ஆன முதல் பெண் அவள்தான். அப்பாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. புவனேஸ்வரன் அப்போது ஷிஃப்ட் இன்ஜினியர். ஒரு மாதம் உற்பத்தி குறைந்துபோனது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் பம்ப் நின்றதால் நேரம் வீணாகிறது என்று, சுவிட்சில் டேப் ஒட்டச் சொன்னவர் அவர்தான். அவளே தயங்கிக் கேட்டாள். “நான் இருக்கேன்லா, ஒட்டு” என்றார். பைப் வெடித்தபோது அவர் ஆபீசில் இருந்தார். அவளை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் நிறுத்தியவன் ஹைருல் என்கிற டெக்னீஷியன்.

“விசாரணைல என்ன சொன்னாரு தெரியுமாக்கா? நானா ஒட்டிக்கிட்டேனாம். பலதடவ வார்ன் பண்ணாராம். எங்கப்பாவ வரச் சொல்லியிருந்தாங்க. அவரு முன்னாடி சொன்னாரு. எங்கப்பா அங்கயே எழுந்து அந்த ஆளக் கும்பிட்டு மன்னிப்பு கேட்டாரு.”

வேலை போனது. அப்பா அதற்குப் பிறகு அவளிடம் சரியாகப் பேசவே இல்லை. பேசினால் “கவனம் கெட்டவ” என்றுதான் ஆரம்பிப்பார். சாகும்வரை அவர் புவனேஸ்வரன் சொன்னதைத்தான் நம்பினார்.

“அது ஒண்ணுதான்கா எனக்கு,” என்றாள். “கை போனதெல்லாம் போகட்டும்.”

என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். கடைசி நாள் விருந்தில் எல்லோர் முன்னிலும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் வந்தாளாம். இன்றைக்கு அந்தக் கதையைக் கேட்டபின் அது போதாது என்று தோன்றிவிட்டதாம். “நான் சொல்லக் கூடாது. அவரு வாயால வரணும்.”

நான் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறவள். மன்னிப்பைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “கேக்குறவனத்தான்கா மன்னிக்க முடியும். இவரு கதையா சொல்லிச் சிரிக்கிறாரு.”

நான் எழுந்து போய் விளக்கை அணைத்தேன்.

மறுநாள் யுங்ஃபிராவ். ரயில் மலையின் வயிற்றுக்குள் குடைந்து ஏறி உச்சியில் விட்டது. லிஃப்டில் ஆய்வு நிலையத்தின் பால்கனிக்குப் போனோம். கீழே பனியாறு வளைந்து போய்க்கொண்டிருந்தது. காற்று முகத்தில் அறைந்தது. புவனேஸ்வரன் வானிலைக் கருவிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பாதியில் மூச்சு வாங்கியது. அந்த உயரத்தில் பலருக்கும் அப்படித்தான். உள்ளே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சாந்தினி அவருக்குச் சூடாக ஏதாவது வாங்கி வரக் கடைப்பக்கம் போனார்.

நவமணி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அடுத்த பெஞ்சில். அவள் கையுறையைக் கழற்றிக் கையை அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“சார், நான் நவமணி. ஆசிட் தொட்டி, மூணாவது லைன்.”

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார், ரொம்ப நேரம்.

“நீயா... ஏன் முன்னமே சொல்லல?”

“சொல்லியிருந்தா நேத்து அந்தக் கதைய எப்படிச் சொல்லியிருப்பீங்க?”

“பழைய விஷயம்மா. மேல இருந்து பிரஷர். எனக்குக் கல்யாணமான புதுசு...”

“டேப்ப யாரு சார் ஒட்டச் சொன்னது?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “இங்க மூச்சு முட்டுது. கீழ போய்ப் பேசிக்கலாம்.”

“சரி, கீழ போய்ப் பேசுங்க. பஸ்ல, மைக்ல. நேத்து யாரெல்லாம் சிரிச்சாங்களோ அவங்க எல்லாருக்கும் கேக்கணும்.”

“என் பொண்டாட்டி இருக்கா நவமணி.”

“அன்னிக்கு எங்கப்பா இருந்தாரு.”

சாந்தினி காகிதக் கோப்பையோடு வருவதைப் பார்த்ததும் நவமணி கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். “சாருக்குத் தலை சுத்துதாம், பார்த்துக்குங்க,” என்று அவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

அடிவாரத்திலிருந்து பஸ் லுசேர்னுக்குப் புறப்பட்டது. ஷேன் வழக்கம் போல மைக்கை நீட்டினான். “சார், பனியாறு பத்திக் கொஞ்சம் சொல்லுங்க.”

புவனேஸ்வரன் எழுந்து நின்று பனியாறு பற்றிப் பேசினார். எப்படி உருவாகிறது, எப்படி நகர்கிறது என்றெல்லாம். பேசி முடித்து உட்காரப் போனவர், பின்னால் உட்கார்ந்திருந்த நவமணியைப் பார்த்துவிட்டார். மைக்கை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனார்.

“நேத்து ஒரு விபத்து பத்திச் சொன்னேன். அதுல... ரெண்டு பக்கமும் தப்பு இருந்துச்சு. அவ்வளவுதான்.”

நவமணி எழுந்தாள். பஸ் மலைப்பாதையில் வளைந்துகொண்டிருந்தது. இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனாள். இப்போது கையில் உறை இல்லை. அந்தக் கையாலேயே மைக்கை அவரிடமிருந்து வாங்கினாள்.

“அந்தப் பொண்ணு நான்தான். இந்தக் கைதான் அது,” என்றாள். பிறகு மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். “டேப்ப ஒட்டச் சொன்னது யாரு?”

“நான்தான்,” என்றார்.

“பின்னால கேக்கல சார்,” என்றாள் நவமணி.

“நான்தான் ஒட்டச் சொன்னேன். விசாரணைல பொய் சொன்னேன்.”

“என்னைத் தூக்கினது?”

“ஹைருல்.”

மைக்கை ஷேனிடம் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே பச்சை நிறத்தில் பெரிய ஏரி ஒன்று வந்துகொண்டே இருந்தது. யாரும் போட்டோ எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சாந்தினி கணவர் பக்கத்திலிருந்து எழுந்து கடைசி வரிசைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தார்.

ஹோட்டலில் இறங்கியதும் ஒருவர் என்னிடம் முணுமுணுத்தார். “நாம ஹாலிடேக்குத்தானே வந்தோம் டீச்சர். இதெல்லாம் இங்கயா?” அவர் மனைவி அவர் முழங்கையை இடித்து, “எங்க சொல்லணும்னு நீங்க சொல்லுங்க,” என்றார். குழு இப்படி இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆனால் மிச்ச நாள்களில் புவனேஸ்வரனிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அருங்காட்சியகத்தில் பழைய ரயில் எஞ்சின்களையும் விண்கலங்களையும் எங்களுக்குத் தெரிந்த அளவில் நாங்களே படித்துப் புரிந்துகொண்டோம். அவர் வாசலில் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நவமணி ஒவ்வொரு கூடத்தையும் விடாமல் சுற்றினாள். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை, பசியாறும்போது சாந்தினி எங்கள் மேசைக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது.

“வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமே. எல்லார் முன்னாடியும் ஏன்?”

“வந்தேங்க,” என்றாள் நவமணி. “கையில கட்டோட வந்தேன். உண்மையச் சொல்லச் சொல்லிக் கேக்கத்தான் வந்தேன். வாசல் கேட்டத் திறக்கல.”

சாந்தினி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “நான் ஜன்னல்ல பார்த்தேன். மழை பெஞ்சுது. யாருன்னு கேட்டேன். ஏதோ டொனேஷன் கேட்டு வந்த பொண்ணுன்னாரு. நான்தான் கர்டன இழுத்து விட்டேன்.”

இதைச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நவமணி தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். அந்த அம்மாமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. “பாவம்,” என்று ஒரே ஒரு சொல்தான் சொன்னாள்.

ஊர் திரும்பியபின் செய்தி எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. டூரில் வந்த யாரோ பழைய கிலாங் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். தொழிற்சாலையின் பழைய ஊழியர்கள் வருஷா வருஷம் கூடுகிற விருந்துக்கு இந்த முறை புவனேஸ்வரன் வரவில்லை. ஹைருல் வந்தாராம். பலர் அவரிடம் போய்க் கைகுலுக்கினார்களாம். சாந்தினி ஈப்போவில் மகள் சுபாஷினி வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. மகள் அப்பாவின் போனை எடுப்பதில்லை என்றும் கேள்வி.

போன மாதம் ஒரு நாள் நவமணியைப் பார்க்க ஜெலுத்தோங் போயிருந்தேன். ஃபிளாட்டுக்குக் கீழே அவள் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கெரேத்தா வந்து நின்றது. கார்க் கதவைத் திறந்துகொண்டு புவனேஸ்வரன் இறங்கினார். இளைத்திருந்தார். மீசையை எடுத்துவிட்டிருந்தார்.

“மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்,” என்றார்.

“கேளுங்க.”

கேட்டார். வார்த்தைகள் சரியாகத்தான் இருந்தன. நவமணி துடைப்பதை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டாள். அதோடு அவர் போயிருக்கலாம்.

“சாந்தினிகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லேன். நீ மன்னிச்சிட்டேன்னு சொன்னா அவ வந்துருவா. நீ சொன்னாக் கேப்பா.”

“கேப்பாங்க,” என்றாள் நவமணி. “அதனாலதான் சொல்ல மாட்டேன்.”

“இன்னும் என்ன செய்யணும்கிற? எல்லாத்தையும் இழந்துட்டேன்.”

“எங்கப்பாகிட்ட போய்ச் சொல்ல முடியுமா சார்?”

அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது பரிந்து பேசுவேன் என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கெரேத்தா கிளம்பிப் போனது.

“போதும்லா நவமணி,” என்றேன். “மனுஷன் ஒடிஞ்சு போயிட்டாரு.”

“எனக்கு இன்னும் போதலக்கா,” என்றாள். “போதும்னு தோணுற அன்னிக்கு நானே ஈப்போவுக்குப் போன் பண்ணுவேன். அது என் இஷ்டம். அவரு கேட்டு நடக்கக் கூடாது.”

துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஆகிவிட்டது. வேனில் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டாள். என்னையும் ஏறச் சொன்னாள், போகிற வழியில் இறக்கிவிடுவதாக.