பந்தல்குடி பின்லேடன் கடை

பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டோரம் வெள்ளைத்தாய் நடத்திய இட்லிக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. லாரிக்காரர்கள் தாங்களாகவே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள்: பின்லேடன் கடை. புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ்காரர் ஒருவர் இந்தப் பெயரைக் காதில் வாங்கி, முறைப்பாக விசாரிக்க வந்தார். சட்னி நன்றாக இருந்ததால் வந்த வேலையை மறந்துவிட்டுப் பார்சலோடு திரும்பினார்.

வெள்ளைத்தாய் அந்த ஆளின் படத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. தாடி வைத்தவன், கெட்டவன், அமெரிக்காக்காரன் சுட்டுக் கடலில் போட்டதாகச் சொல்லிக்கொள்கிறான். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அவன் செத்துவிட்டான் என்று யாராவது அவள் கடையில் சொன்னால் அவருக்கு ஆறிப்போன தோசைதான். உயிரோடு இருக்கிறான் என்றால் முறுகலாக ஒன்று, கேட்காமலே மேலே நெய்.

இதை ஆரம்பித்து வைத்தவன் லோடு லாரி ஓட்டும் சோலைச்சாமி. பாவம், அவன் ஆறுதல்தான் சொல்ல வந்தான்.

வெள்ளைத்தாயின் ஒரே மகன் காளிராஜ் சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போயிருந்தான். ஒருநாள் ஏஜெண்டு ஆபீஸிலிருந்து போன் வந்தது. நெஞ்சுவலியில் இறந்துவிட்டான், கரை ரொம்பத் தூரம், கப்பலில் குளிர்பெட்டி பழுது, அதனால் முறைப்படி கடலில் அடக்கம் செய்துவிட்டோம் என்றார்கள். வெள்ளைத்தாய் கல்லுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தோசை கருகிப் புகைந்தது. மருமகள் மாரீஸ்வரிதான் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

துக்கம் கேட்க வந்த சோலைச்சாமிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னான். "கடல்ல போட்டோம்னு சொன்னா நம்பிருவீகளா மதினி? பின்லேடனையும் அப்பிடித்தான் சொன்னாய்ங்க. படம் காட்டுனாய்ங்களா? அவன் எங்கனயோ சொகமா இருக்கானாம்."

அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அது யாருய்யா?"

அன்றிலிருந்து பின்லேடன் அவள் வீட்டு ஆளாகிவிட்டான்.

லாரிக்காரர்கள் ஊர் ஊராகச் சுற்றித் தகவல் கொண்டுவந்தார்கள். ஒருவர் கணக்குப்படி அவன் பாகிஸ்தான் மலையில் ஆடு மேய்க்கிறான். இன்னொருவர் கணக்குப்படி அமெரிக்காக்காரனே ஒரு வீட்டில் ஒளித்துவைத்துக் கறிச்சோறு போடுகிறான். சுட்டது அவனை இல்லை, அவன் சாடையில் இருந்த வேறொருவனை என்றார் ஒருவர். தாடியை மழித்துவிட்டு உப்பளத்தில் மூடை தைக்கிறான், நானே பார்த்தேன் என்று சத்தியம் செய்தவருக்குக் கொசுறாக ஒரு ஆம்லெட் கிடைத்தது. "அவன் முன்னாடியே கிட்னி கெட்டுச் செத்துட்டான் அத்தே, ஐஸ்ல வச்சிருந்து ஏமாத்திட்டாய்ங்க" என்று புதுவிதமாகப் பேச முயன்ற கிளீனர் பையன்தான் மாட்டிக்கொண்டான். "எந்திரிலே. கைய கழுவிட்டுப் போ" என்றாள்.

ஊரே சிரித்தது. அவளிடம் ஒருவர், "அவன் எத்தன பேரக் கொன்னவன் தெரியுமா?" என்று கேட்டார்.

"பாவிப்பய. எடுபட்டுப் போவான்" என்று திட்டிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போக வேண்டாம். இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்."

அந்த ஊர் மாரியம்மன் எத்தனையோ வேண்டுதல்களைக் கேட்டவள். இப்படி ஒன்றை அவளும் கேட்டிருக்க மாட்டாள்.

இதில் சிரிக்காதவள் மாரீஸ்வரி ஒருத்திதான். கழுத்தில் தாலி இருந்தது, கட்டியவன் இல்லை. இறந்தவனுக்குச் சடங்கு செய்யாததால் அவள் விதவையுமில்லை. பாலவநத்தத்தில் அவளுடைய அண்ணன் ஜெயபாண்டி ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தான். மனைவியை இழந்தவர், குணமானவர். மாரீஸ்வரியும் சம்மதம் என்றுதான் அண்ணனிடம் தலையசைத்திருந்தாள். ஆனால் மாமியார் வாயால் மகன் போய்விட்டான் என்று சொல்லாமல் அவள் அந்த வீட்டைவிட்டு அசைய மாட்டாள். வெள்ளைத்தாயோ, "அவன் வந்து எம்பொண்டாட்டி எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல?" என்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

ஜெயபாண்டி கடைசியில் சோலைச்சாமியைப் பிடித்தான். "அண்ணாச்சி, கெளப்பி விட்டது நீரு. நீரே எறக்கி வையும். மாப்பிள்ள வீட்டுல இனிமே பொறுக்க மாட்டாக."

மறுநாள் காலை, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, சோலைச்சாமி போனைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். ஜெயபாண்டி தூணோரம் நின்றான். மாரீஸ்வரி உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"மதினி, அவன் செத்தது நெசந்தான். அமெரிக்காக்காரன் என்னென்ன செஞ்சான்னு விவரமா சொல்லியிருக்கான்."

"ஆறுன தோசைதான் இருக்கு" என்றாள்.

"அதையே வைங்க." அவன் போனைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான். "பொணத்தைக் குளிப்பாட்டியிருக்காக. வெள்ளத் துணி சுத்தியிருக்காக. ஒரு ஆபீசரு மந்திரத்த வாசிச்சிருக்காரு. அத அவன் பாஷையில எடுத்துச் சொல்ல ஒரு ஆளு. பெறகு பலகையில கெடத்திச் சரிச்சு விட்டிருக்காக."

வெள்ளைத்தாய் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கொலகாரனையா குளிப்பாட்டுனாக?"

"ஆமா மதினி."

"அவன் பாஷைக்காரன் ஒருத்தன் இருந்தானா?"

"இருந்திருக்கான்."

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை அவள் ரோட்டைப் பார்த்திருந்தாள்.

"சுடுதண்ணியா?"

சோலைச்சாமிக்குப் புரியவில்லை. "என்ன மதினி?"

"குளிப்பாட்டுனது சுடுதண்ணியிலயான்னு கேக்கேன். எம்பிள்ளைக்குப் பச்சத்தண்ணி ஒத்துக்கிடாது. சளி பிடிச்சுக்கிடும்."

உள்ளே தேங்காய் துருவும் சத்தம் நின்றது. சோலைச்சாமி போனைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்தான். வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பட்டது போதும் என்று நினைத்தானோ என்னவோ, தெரியாது என்று தலையை மட்டும் ஆட்டினான். ஜெயபாண்டி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை சடங்குக்காக வீட்டு வாசலில் பலகை போட்டுக் காளிராஜின் கட்டம் போட்ட சட்டையை விரித்தார்கள். போட்டோ போதுமே என்றார்கள் சொந்தக்காரர்கள். வெள்ளைத்தாய் கேட்கவில்லை. அடுப்பிலிருந்து வெந்நீரை அவளே இறக்கி வந்தாள். விரலை விட்டுப் பார்த்தாள். பச்சைத்தண்ணீர் கொஞ்சம் விளாவினாள். மறுபடி விரலை விட்டுப் பார்த்தாள்.

"சட்டைக்குப் போயி யாராச்சும் வெந்நி வப்பாகளா?" என்று கூட்டத்தில் ஒரு பெண் முணுமுணுத்தாள். பக்கத்திலிருந்தவள் அவள் தொடையைக் கிள்ளினாள்.

மாரீஸ்வரி செம்பு செம்பாக ஊற்ற, வெள்ளைத்தாய் எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, காலர், கைமடிப்பு, அக்குள் என்று ஒவ்வோர் இடமாகக் கழுவினாள். பொத்தான் போட்டாள். கோடித் துணியில் சுற்றினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, "காளி, எய்யா காளி" என்று கத்தினாள். ரோட்டில் போன லாரி ஒன்று வேகத்தைக் குறைத்துத்தான் போனது.

அழுது ஓய்ந்தபின் மாரீஸ்வரியை மேலும் கீழும் பார்த்தாள். அவள் முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நனஞ்சுபோயி நிக்க. போ, மாத்திக்கிட்டு வா. ஒங்க அண்ணன் கூட்டிட்டுப் போகத்தான வந்திருக்கான்."

"அத்தே..."

"கலர் சேலையா எடுத்துக் கட்டு."

மாரீஸ்வரி நகரவில்லை. வெள்ளைத்தாய் மடியில் இருந்த சட்டையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவளை வீட்டுப் பக்கமாகத் தள்ளினாள்.