தலையணைக்கு அடியில் வைத்த எண்ணெய்

கர்த்தருடைய பிள்ளைகளே, போன ஐப்பசி மழையில் என் ஏழு வயது மகள் பெர்சிஸ் செத்துப் பிழைத்தாள். டெங்கு. திண்டிவனத்தில் மூன்று நாள் ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை. ஈறில் ரத்தம் கசிந்ததும், விழுப்புரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அங்கேயும் ரத்தத் தட்டணு இறங்கிக்கொண்டே போனது. "இன்னும் ரெண்டு நாள் தாண்டணும்மா" என்றார் டாக்டர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நானும் என் கணவரும் ஞானஸ்நானம் எடுத்து நான்கு வருஷம் ஆகிறது. அவருடைய அக்கா செல்வி அண்ணி மட்டும் பழைய வழியில் இருக்கிறார். மயிலம் முருகனுக்குக் காவடி எடுக்கிறவர். அவர்மேல் எனக்கு எப்போதும் ஒரு கண். பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போனால், இடுப்பில் மந்திரித்த கயிறு ஏதும் கட்டியிருக்கிறாரா என்று தடவிப் பார்ப்பேன். விபூதி வாசம் வருகிறதா என்று நெற்றியை மோந்தும் பார்த்திருக்கிறேன். தேவனுக்கு மட்டுமே உரிய வீட்டில் வேறொன்று நுழையக் கூடாது என்கிற வைராக்கியம் என்று நானே அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணிதான் பகலெல்லாம் கூட இருந்தார். கஞ்சி கொண்டுவந்தால் அதிலும் எனக்குச் சந்தேகம். எந்தச் சாமிக்குப் படைத்ததோ என்று, அவர் அந்தப் பக்கம் போனதும் கொட்டிவிட்டேன். ஜெபம் பண்ணினேன், பதில் இல்லை. இந்த அம்மாள் ரகசியமாக என்னமோ செய்கிறார், அதுதான் தடை என்று உறுதியாக நம்பினேன்.

பெர்சிஸின் தலையணைக்கு அடியில் ஒரு சின்ன பாட்டில் வைத்திருந்தேன். உபவாசக் கூட்டத்தில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய். மணிக்கொரு தரம் அவள் நெற்றியில் தடவுவேன். புதன்கிழமை காலை பார்த்தால் பாட்டிலைக் காணோம்.

"எடுத்தது நீங்கதானே அண்ணி? எங்க வெச்சீங்க?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் பையைப் பிடுங்கிக் கட்டிலில் கொட்டினேன். ஒரு புடவை, ஒரு சீப்பு, பெர்சிஸுக்கு வாங்கிய பிஸ்கட். கயிறும் இல்லை, விபூதியும் இல்லை.

அண்ணி சாமான்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். என் பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"ஈஸ்வரி, நீ பேஜாராயிடுவியேன்னு நான் ஒண்ணுமே எடுத்துக்கினு வரல. காலைல விரிப்பு மாத்தினாங்களே, அப்போ குப்பையில போயிருக்கும். ஏன், அந்த பாட்டிலு இல்லன்னா உன் ஆண்டவருக்குப் பிள்ளைய அடையாளம் தெரியாதா?"

சுருக்கென்றது. இன்னொரு பாட்டில் வாங்கிவரும்படி கணவரிடம் சொல்ல, அதற்குள் போனைக் கையில் எடுத்திருந்தேன். நான் கர்த்தரைத் தேடவில்லையே, பாட்டிலைத்தானே தேடினேன்! அடுத்தவர் கயிற்றை வேவு பார்த்த நான், என் பிள்ளைக்கு எண்ணெயில் ஒரு தாயத்து செய்து வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. போனை வைத்துவிட்டு அந்த இடத்திலேயே முழங்கால்போட்டேன். "ஆண்டவரே, உம்மை நம்பாமல் போனேன். மன்னியும். நீர் மட்டும் போதும்" என்று அழுதேன்.

அன்று சாயங்கால ரத்தப் பரிசோதனையில் முதல் தடவையாகத் தட்டணு எண்ணிக்கை இறங்கவில்லை. மறுநாள் ஏறியது. அடுத்த வாரம் வீட்டுக்கு வந்துவிட்டோம். மருத்துவர்களும் நர்சுகளும் பட்ட பாட்டை நான் மறைக்கவில்லை. அவர்களைக் கொண்டு காப்பாற்றினவருக்கே ஸ்தோத்திரம்.

கிளம்புகிற அன்று அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"போடி பைத்தியம். நீ கஞ்சியக் கொட்டுனதும் எனக்குத் தெரியும். பிள்ளைக்கு ஆவட்டும்னுதான் தெனமும் ஆக்கிக்கினு வந்தேன்."

என் சந்தேகப் புத்தி இன்னும் போகவில்லை. ஆனால் இப்போது என்னைத்தான் சந்தேகப்படுகிறேன். ஜெபத்தில் உட்காரும்போதெல்லாம், இன்று யாரை நம்பி உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்பானவர்களே, நீங்களும் கேட்டுப்பாருங்கள். கையில் ஒன்றுமில்லாமல் அவரிடம் வாருங்கள். நான் அப்படித்தான் வந்தேன், என் மகள் இன்று பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.