வகுப்பே சரியாக எழுதிய விடை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதம். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு பார்மசி கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தேன். ஊரப்பாக்கத்தில் காலை ஆறரைக்குக் கல்லூரி பஸ் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். பாடம் நடத்துவது, ரெக்கார்டு நோட்டு திருத்துவது எல்லாமே கடனே என்றுதான் நடந்தது. மாணவர்களும் அப்படித்தான். பாதிப் பேர் டாக்டர் சீட் கிடைக்காமல் வந்து சேர்ந்தவர்கள்.

அன்றைய செய்முறை, ஹைட்ரஜன் பெராக்சைடின் வீரியத்தை அளப்பது. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதுதான். நாற்பது பேருக்கு ஏறக்குறைய ஆறு சதவீதம் வந்திருந்தது. ஒருவன் மட்டும் மூன்று என்று எழுதியிருந்தான். கல்பாக்கம் பக்கத்துக் கிராமம், ஏற்கெனவே நிறைய அரியர். தவறு என்று அடித்து, பத்துக்கு இரண்டு போட்டேன். இன்டர்னலில் அவன் தேற அந்த ஒரு செய்முறைதான் மிச்சம் இருந்தது.

நேராக ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டான்.

"நாலு தபா பண்ணேன் மேடம். இதேதான் வந்துகினு கீது. இதுலயும் போச்சுன்னா நா படிப்ப வுட்டுட்டு வண்டி ஓட்டப் போறேன்."

எனக்கு எரிச்சலான எரிச்சல். அவன் வாயை அடைப்பதற்காகவே லேபுக்குப் போய், வகுப்பே பயன்படுத்திய அதே பாட்டிலில் எடுத்து நானே செய்தேன். மூன்று. மறுபடியும் மூன்றுதான். பாட்டிலைப் பார்த்தால் போன வருடம் திறந்தது, மூடியும் சரியில்லை. வெயிலில் வீரியம் பாதியாகப் போயிருந்தது. மற்ற நாற்பது பேரும் சீனியர் நோட்டைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடித்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்பது, பத்து என்று வாரி வழங்கியவள் நான்.

வெட்கமாக இருந்தது. அவன் கண்ணெதிரிலேயே மார்க்கைப் பத்தாகத் திருத்தினேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், நோட்டை வாங்கிக்கொண்டு சாதாரணமாகக் கேட்டான்.

"அடுத்த தபா வர்றத எழுதட்டுமா மேடம், இல்ல நீங்க மார்க் போடறத எழுதட்டுமா?"

வருவதையே எழுது என்றேன். ஆனால் மற்றவர்களின் மார்க்கைக் குறைக்கவோ, எல்லாரையும் திரும்பச் செய்யச் சொல்லவோ எனக்குத் தெம்பில்லை. அப்படியே விட்டுவிட்டேன். அவன் படிப்பை முடித்து, இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறான். எனக்குத்தான் இன்றும் ஒரு வகுப்பே சரியான விடை எழுதியிருந்தால் பெருமை வருவதில்லை. பொய் எழுத இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தானோ என்று பயம்தான் வருகிறது.