பூமிக்குள் போன லாரி

நான் கொடைக்கானல் மலையில் இருக்கும் கவுஞ்சிக்காரி. வீட்டில் பூண்டு விவசாயம், எனக்கு மட்டும் கம்ப்யூட்டர் சோலி. ராணுவ டிரைவர்கள் திரையைப் பார்த்து லாரி ஓட்டிப் பழகும் இயந்திரம் செய்யும் சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன்.

போன வருஷம் ராணுவத்திலிருந்து ஒரு நிபந்தனை வந்தது. எந்தக் கம்பெனி செய்த பயிற்சி இயந்திரமானாலும் மற்றவற்றோடு இணைந்து ஓட வேண்டும்; ஒன்றில் ஓட்டும் வண்டி மற்றவற்றின் திரையிலும் தெரிய வேண்டும். அதற்குப் பொது விதிகள் எழுத, மூன்று கம்பெனிகளைக் கொடைக்கானலில் ஒரு ஓட்டல் ஹாலுக்கு அழைத்தார்கள். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம் என்று எனக்கு ஏக சந்தோஷம்.

முதல் நாள் எங்கள் லாரியை வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஏற்றினேன். என் திரையில் ஒழுங்காக ஏறியது. பக்கத்து மேஜையில் பீரங்கிப் பயிற்சி இயந்திரம் கொண்டுவந்த சென்னைக்காரரின் திரையிலோ, பூமிக்குள் இறங்கிக்கொண்டே போனது. உயரத்தை நாங்கள் கூட்டல் குறியோடு எழுதுவோம். அவர்கள் கழித்தல் குறியோடு.

"எங்க முறைதான் சரி" என்றார். நானும் அதையேதான் சொன்னேன்.

சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் சொல்லாமல் என் புரோகிராமில் நாலு வரி சேர்த்தேன். அவருக்கு அனுப்பும்போது மட்டும் குறி மாறும். லாரி சாலைக்கு வந்தது. டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ராணுவ சுபேதார், கன்னிவாடிக்காரர், கைதட்டினார்.

மறுநாள் மூன்றாவது கம்பெனிக்காரி ஹெலிகாப்டர் பயிற்சி இயந்திரத்தோடு வந்தாள். பீரங்கித் திரையில் அவள் ஹெலிகாப்டர் பூமிக்கடியில் பறந்தது. "நேத்து லாரி சரியா வந்துச்சே, கோளாறு உங்களோடதுதான்" என்றார் சென்னைக்காரர். அந்தப் பெண் தன் புரோகிராமில் இல்லாத தப்பை ரெண்டு மணி நேரம் தேடினாள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

சுபேதார் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, நேத்து நான் தட்டுன கைதட்டலைத் திருப்பிக் குடு! யாரு முறை சரிங்கிற வழக்கே வேண்டாம். ஏதாச்சும் ஒண்ணை எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. வெரசா!"

உயரத்துக்கு எங்கள் முறை, நேரத்துக்குப் பீரங்கிக்காரர் முறை, தகவல் அனுப்பும் வரிசைக்கு ஹெலிகாப்டர்காரி முறை என்று முடிவானது. எல்லாருக்கும் கொஞ்சம் வலித்தது.

மூன்றாம் நாள் மூன்று திரைகளிலும் லாரி சாலையில் ஓடியது, ஹெலிகாப்டர் வானத்தில் பறந்தது. சுபேதாரே ஸ்டியரிங் பிடித்து, ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார். அந்தச் சத்தம் என் மேஜையில் மட்டும்தான் கேட்டது. ஒலியை யாருமே விதியில் சேர்க்கவில்லை. மூவரும் சிரித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி எழுத உட்கார்ந்தோம்.